டின்னுக்குள் வைத்த மங்குஸ்தான் விதை

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். உன் அம்மா இறந்துபோன செய்தி எனக்கு வந்த நேரம் அது. இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அதை நானே என் கையால் பதிவுப் புத்தகத்தில் எழுதிவைத்ததுதான். விதைச் சோதனை அறையில் நனைந்த ஒற்றுத்தாளின் மேல் நூறு பயற்றை விதைகளைப் பரப்பி, எத்தனை முளைவிட்டிருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டாவது விதையில் டெலிபோன் மணி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நேர்ஸ். ‘நீங்கள் ஒருக்கா உடன வாங்கோ’ என்று தொடங்கினாள். ‘என்ன?’ என்று கேட்டேன். பிறகு ‘அவ போயிட்டா’ என்றாள். ‘சரி’ என்றேன். ‘தேங்க்யூ’ என்றும் சொன்னேன். ரிசீவரை வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினேன். அதன் பிறகு, மகனே, மிச்சமிருந்த முப்பத்தெட்டு விதைகளையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

உனக்கு முதலில் சொல்லவேண்டியது இதுதான். நாளைக்கு யாராவது ‘உன்ரை அப்பா கல்லு’ என்று சொன்னால் அது பொய்யல்ல. ஆனால் அந்த முப்பத்தெட்டையும் எண்ணும்வரை அவள் சாகவில்லை என்று என் கை நினைத்துக்கொண்டிருந்தது. கை நிற்காதவரை ஒன்றும் நடக்கவில்லை. இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

இதை நீ வாசிக்கும்போது வளர்ந்த ஆளாக இருப்பாய். வேலைக்கோ படிப்புக்கோ கலியாணத்துக்கோ இந்த வீட்டைவிட்டு நீ புறப்படும் நாளில் இந்தக் கடிதத்தைத் தருவேன். இன்றைக்கு உனக்கு நாற்பது நாள். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ராத்தா வீட்டு மேல்மாடி அறையில், உன் அம்மாவின் சேலையில் கட்டிய ஏணையில் கிடக்கிறாய். நான் இடது காலால் ஏணையை ஆட்டிக்கொண்டு எழுதுகிறேன். இப்போது மணி மூன்று ஐம்பது. ஆறு மணிக்கு ஒரு கப்பல் துறைமுகத்தைவிட்டுப் போகும். அதில் நீயும் போகவேண்டியது. ஏன் போகவேண்டியிருந்தது, நான் என்ன செய்தேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இந்த இரண்டு மணித்தியாலத்தைத் தாண்ட முடியாது.

என் வேலை விதை பார்ப்பது. அரசாங்கக் கச்சேரிகள் வழியாகத் தோட்டக்காரருக்குப் போகும் நெல், மிளகாய், கத்தரி, பயற்றை விதைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பவன் நான். நனைத்த பயற்றை விதையொன்றைத் தோல் உரித்து இரண்டாகப் பிளந்தால் உள்ளே எல்லாம் தெரியும். இரண்டு தடித்த பருப்புகள், அவைதான் சாப்பாடு. நடுவில் நகத்தளவுகூட இல்லாத குருத்து, ஒரு நுனி வேராகப் போவது, மறுநுனி தண்டாகப் போவது. மேல்தோலில் ஒரு தழும்பு இருக்கும். காய்க்குள் இருந்தபோது விதை தாயோடு ஒட்டியிருந்த இடம் அது, உன் வயிற்றில் உள்ள தொப்புளைப்போல. அதற்குப் பக்கத்தில் ஊசி முனையளவு ஒரு துளை. காய்ந்து கிடக்கும் விதைக்குள் தண்ணீர் அந்த வழியாகவும் போகும். குருத்தில் பாதி அப்பன், பாதி அம்மா. ஆனால் மேல்தோலில் அப்பனுக்குப் பங்கில்லை, அது முழுக்கத் தாயின் உடம்பு. அவள் தன் சதையில் ஒரு சுற்றை எடுத்துப் பிள்ளைக்குப் போர்த்தி, அந்தச் சுற்றுச் செத்துக் காய்ந்து கெட்டியாகிறது. செத்த பிறகுதான் அது காவலாகிறது. இதைப் பரீட்சை எழுதும்போது மனப்பாடம் செய்தவன் நான். அதன் பொருள் என்னவென்று அப்போது யோசித்ததே இல்லை.

உன் அம்மா ரோஸ் கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் இளைய மகள். வாய்க்காரி. எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருசமும் எட்டு மாதமும்தான். நீ ஆறு மாதக் கருவாக இருந்தபோது வெள்ளவத்தைச் சந்தையில் களுத்துறை மங்குஸ்தான் வந்து இறங்கியது. அவளுக்கு அதன்மேல் ஒரு ஆசை. ‘அய்யே, கீயத?’ என்று கடைக்காரனிடம் விலை கேட்டு, அவன் சொன்னதில் பாதிக்குப் பேரம் பேசி, ஒரு ஓலைப்பையை நிறைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பழத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டாள்.

‘விதைத் துரை, வெட்டாமல் சொல்லுங்கோ பாப்பம். உள்ளுக்கை எத்தினை சுளை?’

‘காட்டினால்தானே சொல்லலாம்.’

‘காட்டினால் ஆரும் சொல்லுவினம்.’

கையைப் பிடித்து இழுத்துப் பழத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே சின்னப் பூ ஒன்றை அழுத்தி ஒட்டினதுபோல ஒரு அடையாளம் இருக்கும். பூவாக இருந்த காலத்தில் அதன் சூல்முடி. அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. ‘ஆறு’ என்றேன். பிளந்து எண்ணினாள், ஆறுதான். ‘சீ, இது களவு’ என்று தோலை என்மேல் எறிந்தாள். அந்த ஊதாக் கறை என் பனியனில் இப்போதும் இருக்கிறது. அந்தப் பழத்தின் ஆறு சுளையில் ஐந்துக்குள் ஒன்றுமில்லை, பெரிய சுளைக்குள் மட்டும் ஒரு விதை. மங்குஸ்தான் அப்படித்தான். அவள் அதை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ‘இது பிள்ளைக்கு’ என்றாள். ‘இப்பவே ஒரு சட்டியிலை ஊண்டுங்கோ. அவன் நடக்கிற காலத்திலை இவரும் முழங்காலளவு நிப்பார்.’

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘வாடகை அறையிலை சட்டி வைச்சு என்ன செய்யிறது? தெகிவளைப் பக்கம் காணி ஒண்டு பாக்கிறன். எல்லாம் சரியாகட்டும், பிறகு நடுவம். அதுவரைக்கும் நான் பத்திரமா வைச்சிருக்கிறன்.’

பத்திரமாகத்தான் வைத்தேன். எனக்குத் தெரிந்த எல்லாத் திறமையோடும். ஒட்டியிருந்த சதையைக் கழுவி எடுத்து, நிழலில் ஒன்பது நாள் காயவைத்து, அடியில் சுட்ட சுண்ணாம்பு போட்ட டின்னுக்குள் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, மேலே சீட்டு ஒட்டினேன். மிளகாய் விதையை அப்படி வைத்தால் வருசக்கணக்கில் தூங்கும். நெல்லும் தூங்கும். நீர் வற்றினால் விதை உறங்கும், உறங்கினால் சாகாது என்பதுதான் எனக்குப் படிப்பித்த பாடம், நான் சீட்டு எழுதிய ஆயிரம் பைகளும் அதற்குச் சாட்சி. ஆனால் எல்லா விதையும் உறங்குகிற சாதியல்ல. றப்பர் விதை உறங்காது, பலா விதை உறங்காது, மங்குஸ்தான் உறங்கவே உறங்காது. பழத்தைவிட்டு வெளியே வந்த நேரத்திலிருந்தே அது முளைக்கத் தொடங்கிவிட்டது. ஈரம் காய்ந்தால் தூக்கமில்லை, சாவுதான். மழையில் றப்பர் விதை நாறிப்போவதற்குள் ஓடி ஓடி நடும் தோட்டத்துக் கூலியாளுக்குத் தெரிந்தது, சீட்டு எழுதும் எனக்குத் தெரியவில்லை.

நீ பிறந்த அன்று டின்னை உடைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது சுருங்கிப்போன ஒரு பாக்குத்துண்டு. அப்போதும் பெரிதாகக் கவலைப்படவில்லை, இன்னொரு பழம் வாங்கினால் போயிற்று என்று நினைத்தேன். அதற்குள் பருவம் முடிந்துவிட்டது. உன் அம்மாவுக்கு நாலாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. ஏழாம் நாள் அவளுடைய கையைத் தொட்டால் அடுப்புக்கல்லைத் தொட்டதுபோல இருந்தது. அந்தக் காய்ச்சலிலும் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

‘நட்டாச்சோ?’

‘ஓம்.’

‘முளை வந்திட்டுதோ?’

‘வந்திட்டுது.’

‘எத்தினை இலை?’

‘ரெண்டு. செம்பு நிறத்திலை, பூசினமாதிரிப் பளபளவெண்டு.’

‘பேரை எழுதி ஒட்டுங்கோ. உங்கடை கந்தோரிலை வேறை ஆரும் தூக்கிக்கொண்டு போடுவினம்.’

ஒரு பொய் சொன்னால் நின்றிருக்கலாம். நான் நிறம் சொன்னேன், பளபளப்புச் சொன்னேன், சட்டி கந்தோர் யன்னல் பக்கம் வெயில்படாமல் இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அன்று பின்னேரம் பார்க்க வந்த தன் அக்காவிடமும் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாளுக்குப் பிறகு அந்தப் பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

அதன் பிறகு நடந்தவற்றில் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். கந்தோரில் துரை இரண்டு கிழமை லீவு தந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அரிசிக் கூப்பன் புத்தகத்தில் ஒரு பெயரை வெட்டி ஒரு பெயரைச் சேர்க்க வரிசையில் நின்றேன், இரண்டு பெயருக்கும் ஒரே படிவத்தில் கையெழுத்து வைத்தேன். உன்னைத் தூக்கத் தெரியவில்லை, உன் கழுத்து ஒடிந்துவிடும் என்று பயம். டின் பாலைக் குடித்து நீ அப்படியே கக்கினாய். மூன்று நாள் அப்படிப் போனது. நாலாம் நாள் காலை கீழ்வீட்டு ராத்தா படியேறி வந்தா. வீட்டுச் சொந்தக்காரர் ஹாஜியாரின் மனைவி. அவவுக்கு ஆறு மாதத்தில் ஒரு பெண்பிள்ளை கையில் இருந்தது.

‘தம்பி, நானும் மூணு நாளாக் கேட்டுக்கொண்டு ஈக்கிறன். இது பசில அழுற அழுக. கொண்டாங்க புள்ளய.’

‘டொக்டர் டின் பால் குடுக்கச் சொன்னவர் ராத்தா.’

‘டொக்டருக்குப் பால் வருமா? கொண்டாங்கன்னேன்.’

உன்னை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. அழுகை நின்றது. அந்த அமைதியில்தான் நான் முதல்முதலாக அழுதேன். ஓர்க்கிட் என்று ஒரு செடி இருக்கிறது. அதன் விதை தூசியைவிடச் சின்னது, அதற்குள் சாப்பாடே இல்லை. தாய் ஒன்றும் கட்டிக்கொடுக்காமல் அனுப்பிவிடுவாள். வேறொரு உயிர், சொந்தமில்லாத ஒரு பூஞ்சணம், வந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். படித்தபோது அதை ஒரு விசித்திரம் என்று நினைத்தேன். அன்று முதல் தினமும் ஐந்தாறு தடவை நீ படியிறங்கிப் போய்ப் படியேறி வந்தாய்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் உன் பெரியம்மா அக்னஸ் அக்கா பேச்சை எடுத்தா. அவவும் அத்தானும் பினாங்கில் இருக்கிறவர்கள். உலகச் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியபின் முதல்தரமாக ஊருக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. நல்ல மனுசர்கள், இதை நீ மறக்கக்கூடாது. ‘நீங்கள் தனி ஆம்பிளை, வேலைக்குப் போறனீங்கள். பிள்ளையைத் தாங்கோ. பெரிய வீடு, ஆயா இருக்கிறா, இங்கிலிஸ் பள்ளிக்கூடம் பக்கத்திலை’ என்றா. நான் தலையாட்டினேன். எனக்கு அதில் கவலையில்லை, நிம்மதிகூட இல்லை, ஒன்றுமே இல்லை. பழம் என்பதே பிரிந்துபோவதற்குத்தானே என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். இலவங்காய் வெடித்துப் பஞ்சோடு பறக்கிறது, றப்பர் காய் துவக்குச் சுட்டதுபோல வெடித்து விதையை எறிகிறது, வெள்ளவத்தைக் கடற்கரையில் எங்கிருந்தோ மிதந்துவந்த தேங்காய் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது. மங்குஸ்தானைப்பற்றி இன்னொன்றும் படித்திருந்தேன். அதன் விதை மகரந்தம் இல்லாமலே உண்டாவது, அப்பன் என்று ஒருவன் அதற்குத் தேவையே இல்லை. அப்படியானால் இவனுக்கு மட்டும் நான் எதற்கு?

இன்று காலை அக்கா காரில் வந்து உன் துணிகளை எடுத்து ஒரு சின்னப் பெட்டியில் அடுக்கினா. பின்னேரம் மூன்று மணிக்குக் கார் வந்து உன்னை ஏற்றும் என்று ஏற்பாடு. அடுக்கி முடித்துவிட்டுக் கேட்டா.

‘எங்கை அந்தக் கண்டு? அதையும் தாங்கோ. பினாங்கிலை மங்குஸ்தான் நல்லாய் வரும். அவன்ரை அம்மா வைச்ச மரமெண்டு காட்டலாம்.’

நான் மேசை லாச்சியிலிருந்து டின்னை எடுத்துத் திறந்து காட்டினேன். அவ டின்னைச் சாய்த்துப் பார்த்தா.

‘இதென்ன?’

‘இதுதான்.’

‘ரெண்டு இலை வந்ததெண்டு சொன்னவள்.’

‘நான்தான் சொன்னனான்.’

அக்கா கதிரையில் இருந்துவிட்டா. சத்தம் போடவில்லை. ‘செத்த கொட்டையை வளருதெண்டு சொல்லியோ என்ரை தங்கச்சியை அனுப்பினனீங்கள்?’ என்று கேட்டா. பிறகு, ‘உங்களை நம்பி ஒரு பிள்ளையை எப்பிடி விடுறது?’ நான் டின்னை மூடினேன். ‘கொண்டுபோங்கோ’ என்றேன். ‘இப்ப கொண்டுபோங்கோ அக்கா. நான் ஒரு காணி வாங்கி, வீடொண்டு கட்டி, எல்லாம் சரியாகட்டும். பிறகு கூப்பிடுறன்.’

அக்கா போனபிறகு ராத்தா உனக்குப் பால் கொடுத்து மேலே கொண்டுவந்தா. பெட்டியைப் பார்த்தா.

‘என்ன தம்பி, யாரக் கேட்டு அனுப்புறீங்க?’

‘நான் அப்பன் ராத்தா.’

‘நீங்க அப்பன், சரி. நான் யாரு? முப்பது நாள் குடிச்சிருக்கான். எங்கட மார்க்கத்துல பால் குடுத்தவ தாய். என்ட மகளுக்கு இவன் இப்ப தம்பி. நாளைக்கு ரெண்டு பேருக்கும் கலியாணம் முடிக்கவும் ஏலாது, அவ்வளவு உறவு. ஒரு வார்த்த என்னட்டக் கேட்டீங்களா? கடயில சாமான் அனுப்புற மாதிரிப் பெட்டி கட்டி வச்சீக்கிறீங்க.’

‘எனக்குப் பிள்ளை வளக்கத் தெரியாது.’

‘எங்கட ஹாஜியாருக்கும்தான் தெரியாது. அஞ்சு புள்ள பெத்தாச்சு.’

உன்னை என் கையில் தந்துவிட்டு இறங்கிப் போனா. கழுத்தின் கீழே கையை எப்படி வைப்பது என்று போகிறபோக்கில் ஒருதரம் திருத்திவிட்டா.

உன்னை ஏணையில் போட்டுவிட்டு அந்த விதையை எடுத்துச் சவர பிளேடால் வெட்டினேன். சந்தேகமுள்ள விதையை வெட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். உயிருள்ளது என்றால் உள்ளே பச்சைத் தேங்காய்ப் பருப்புப்போல இறுகியிருக்கும். இது முழுக்க மண்ணிறம், பிளேடில் மாவாக உதிர்ந்தது. சீட்டு எழுதுவதென்றால் ‘இறந்தது’ என்று எழுதவேண்டும். கையில் அந்த மாவை வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் என் காதில் என் குரல் கேட்டது. எல்லாம் சரியாகட்டும், பிறகு. மங்குஸ்தான் விதையைக் கையில் வைத்துக்கொண்டு ரோஸுக்குச் சொன்ன அதே வசனத்தை அரை மணித்தியாலத்துக்கு முன்னால் உன் பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு சொல்கூட மாறவில்லை. ஒரு காணி, ஒரு வீடு, பிறகு. உன்னையும் கழுவிக் காயவைத்து, சீட்டு ஒட்டி, நல்ல உலர்ந்த இடத்தில் வைக்கப்போகிறேன். வருசங்கள் கழித்துத் திறந்து பார்க்கும்போது நீ அங்கே நன்றாகத்தான் இருப்பாய். உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் இந்த ஈரம் இருக்காது. நானும் இருக்கமாட்டேன், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். உறங்கத் தெரியாத சாதி நீயல்ல மகனே, நான்தான்.

கீழே போய் ஹாஜியார் வீட்டு ஹோலில் இருக்கும் டெலிபோனில் அக்காவைக் கூப்பிட்டேன். ‘பிள்ளை வரேல்லை அக்கா’ என்றேன். அவ அழுதா. பிறகு ஏசினா. கார் அனுப்ப வேண்டாம் என்று அத்தானிடமும் சொல்லிவிட்டு வைத்தேன். அதன் பிறகு மூன்று தரம் மணி அடித்துவிட்டது. கடைசித் தரம் துறைமுகத்திலிருந்து அத்தான். ‘தம்பி, கோபத்திலை முடிவெடுக்காதையும். அஞ்சு மணி வரைக்கும் பாத்துக்கொண்டு நிப்பம். ஒரு டக்சி பிடிச்சுக் கொண்டுவாரும், அதுவே காணும்’ என்றார். அந்த மனுசரின் குரலில் இருந்த பரிவு இருக்கிறதே, அது என்னை உடைக்கிறது. ஒவ்வொரு தரமும் ‘சரி, கொண்டுவாறன்’ என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்து திரும்புகிறது. ‘சரி’ சொல்வது எனக்குச் சுலபம். அவள் செத்த செய்திக்கே ‘சரி’ சொன்னவன் நான்.

நான் செய்வது பிழையாக இருக்கலாம். ஒருதரம் நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்துப் பிழைவிட்டவன், இந்தத் தரம் ஒன்றும் நிச்சயமில்லாமலே செய்கிறேன். பெரிய வீட்டில், இங்கிலிஸ் பள்ளிக்கூடத்தில் நீ வளர்ந்திருக்கலாம். அதைக் கெடுத்தவன் நான் என்று உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம், என் முகத்துக்கு நேரே சொல்லு. ஆனால் ஒன்றைக் கேள். பழம் பிரிவதற்குத்தான் என்றேனே, அதில் நான் பாதியைத்தான் சொன்னேன். தேங்காய் கடலில் இறங்கும்போது தனக்கு வேண்டிய தண்ணீரையும் பருப்பையும் தன்னோடு கொண்டு இறங்குகிறது. முற்றாத குரும்பட்டி விழுந்தால் அதைக் கடல் கொண்டுபோகாது, மரத்தடியிலேயே அழுகும். நீ இதை வாசிக்கிற நாள் நீ முற்றின நாள். அன்று உன்னைத் தடுக்கமாட்டேன். பெட்டியை நானே தூக்கிவந்து கப்பலடியில் தருவேன். பினாங்குக்குப் போனால் பெரியம்மாவைப் போய்ப் பார், அவவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு. போகிற இடத்தில் யாரிடமாவது, எதற்காகவாவது, ‘எல்லாம் சரியாகட்டும், பிறகு’ என்று சொல்ல உனக்கு வாய் வந்தால், கையில் இருப்பது எந்தச் சாதி விதை என்று ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்லு. உன் ராத்தாம்மாவுக்கு முதல் சம்பளத்தில் ஒரு சேலை வாங்கிக் கொடு. உன் அம்மாவுக்கு நான் சொன்ன பொய்யை நீ மன்னிக்கவேண்டாம். அது அவளுக்கும் எனக்கும் உள்ளது.

நீ முழித்துவிட்டாய். காலை வீசுகிறாய். எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னை ஏணையிலிருந்து தூக்கி, ராத்தா காட்டியபடி கழுத்துக்குக் கீழே கை வைத்து, கீழே கொண்டுபோனேன். படியில் பாதியில் நிற்கும்போது நாலாம் தரம் மணி அடித்தது. உன்னை ராத்தாவிடம் கொடுத்துவிட்டு ஹோலுக்குப் போனேன். ‘எடுக்கப்போறீங்களா?’ என்று அவ கேட்டா. மணி அடித்து ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, ரிசீவரைக் கழற்றக் கையை நீட்டினேன். ‘ஹாஜியாருக்குக் கடையிலருந்து கோல் வரும் தம்பி’ என்றா. ‘ஆறு மணி வரைக்கும் மட்டும் ராத்தா’ என்றேன். அவ உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, ‘அவர் கத்தினா நான் பாத்துக்கொள்றன்’ என்றா.

மணி நாலு இருபத்தேழு. டெலிபோனின் ரிசீவரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன்.